தட்டில் போன கார் சாவி

மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
2-9-98, புதன்கிழமை

அன்பு மகன் தீர்த்தகிரிக்கு அம்மா சென்னம்மாள் எழுதுவது. நீயும் மருமகளும் குழந்தையும் மஸ்கட்டில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். உன் கடிதம் போன வாரம் வந்தது. நீ கார் வாங்கியதையும், அதற்குப் பித்தானை அமுக்கினால் கதவு திறக்கிற ரிமோட் சாவி இருப்பதையும் படித்து அன்றைக்கு சந்தோஷப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அந்த மாதிரிச் சாவி திருட்டுப் போனால் என்ன செய்யவேண்டும் என்று உனக்கு அங்கே யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கு இப்போது தெரியும், அதனால்தான் மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு நீளம் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நாகவேணியின் நிச்சயத்தன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன், நாளைக்கு ஒருவரும் நான் அங்கே இல்லவே இல்லை என்று நழுவக் கூடாது. நான், உன் அண்ணன் செல்வம், அவன் பெண்டாட்டி ருக்குமணி, அவர்கள் மகள், கல்யாணப் பெண் நாகவேணி. எதிர்வீட்டு மெக்கானிக் லால் பாஷா, அவர் வீட்டம்மா பேகம். நிச்சய ஓலை எழுத வந்த புரோகிதர். பேரிகையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா நாராயணப்பன், அவருடைய அக்கா யல்லம்மா, மாப்பிள்ளை முனிராஜ், அவர்களோடு வேனில் வந்த பதினோரு பேர், அவர்கள் பெயரும் எனக்குத் தெரியும், காகிதத்தில் இடம் போதாது. கடைசியாக சூளகிரியிலிருந்து உன் சின்னம்மா, என் ஓரகத்தி மங்கம்மா. கடைசியாக எழுதினேனே தவிர வந்தது அவள்தான் முதலில், இந்த வரனைக் கொண்டுவந்தவள் என்ற தோரணையில் ஏழு மணிக்கே வந்து கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன், மறந்திருப்பாய். நீ என் வயிற்றில் ஏழு மாதம். பாரூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பஸ். எனக்கு முன்னால் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள் பக்கத்து இடத்தில் ஒரு பரங்கிக்காயை வைத்தாள். காய மடில வெச்சிக்க மங்கா, நான் உக்காந்துக்கறன் என்று கேட்டேன். உருண்டுடுங்கக்கா என்றாள். கிருஷ்ணகிரி வரைக்கும் பரங்கிக்காய் உட்கார்ந்து வந்தது, நானும் நீயும் நின்றுகொண்டு வந்தோம். முப்பத்தாறு வருஷம் ஆகிறது, அந்தக் காய் ஒரு பக்கம் பழுத்து ஒரு பக்கம் பச்சையாக இருந்தது.

இப்போது காருக்கு வருகிறேன். கார் நம்முடையது அல்ல. செல்வத்தின் கம்பெனி மேனேஜர் அழகர்சாமியுடைய வெள்ளை மாருதி. மதுரைக்காரர், நல்ல மனுஷன், ஆனால் அந்த வண்டியைப் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார். பெங்களூரில் கடையில் சொல்லி ரிமோட்டும் சைரனும் மாட்டியிருக்கிறார். ஊருக்குப் போகிறேன், செவ்வாய்க்கிழமை காலையில் வந்து இறங்கும்போது வண்டி என் வாசலில் நிற்கவேண்டும், அதில்தான் கம்பெனிக்கு வருகிற பெரியவர்களைக் கூட்டிவரப் போகிறேன் என்று சொல்லி, நிச்சயத்துக்கு ஆள் ஏற்றி இறக்கச் சாவியைச் செல்வத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். செல்வம் ஸ்டோரில் பதினெட்டு வருஷமாக நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுக்கிறான், இந்த மாசம்தான் சூப்பர்வைசர் ஆக்குவதற்கு அவன் பேரை எழுதிப் போட்டிருக்கிறார்கள், எழுதினவர் இந்த அழகர்சாமிதான். அதனால் செல்வம் அந்தச் சாவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரிந்தான். பந்தி இலை போடும்போது மட்டும் ஜன்னல் கட்டையில் வைத்தான். அங்கேதான் ஆரம்பித்தது.

நான் இப்போது எழுதுவது அன்று எனக்குத் தெரியாது, மறுநாள் புரோகிதரைக் கேட்டபோதுதான் தெரிந்தது. புழுக்கமாக இருக்கிறதென்று லால் பாஷா தன் ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் காயவைக்கிற பெரிய ஃபேனைக் கொண்டுவந்து வைத்திருந்தார். அதைப் போட்டதும் நாராயணப்பன் தோளில் இருந்த துண்டு பறந்து சாமி படத்தின் மேல் போய் விழுந்தது. நிச்சய ஓலை எழுதி முடித்து, மஞ்சள் தடவி, நம்முடைய தாம்பூலத் தட்டில் பழத்தின் மேல் வைத்தால் ஓலை நிற்கமாட்டேன் என்கிறது. புரோகிதருக்கு பாகலூரில் இன்னொரு முகூர்த்தம், வாய் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, கை பின்னால் ஜன்னல் கட்டையைத் துழாவி அகப்பட்டதை எடுத்து ஓலை மேல் பாரமாக வைத்துவிட்டது. அகப்பட்டது மேனேஜர் கார் சாவி. தட்டு மாற்றினார்கள். யல்லம்மா நம் தட்டை வாங்கி அப்படியே சிவப்புத் துணியால் மூடி முடிச்சுப் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். புரோகிதர் செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். யாரும் பார்க்கவில்லை. நான் அடுப்படியில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன், நான் இருந்திருந்தால் பார்த்திருப்பேன்.

சாப்பாடு முடிந்ததும் செல்வம் ஜன்னல் கட்டையைப் பார்த்தான், சாவி இல்லை. முதலில் சட்டைப் பையைத் தடவினான், பிறகு பேண்ட் பையை, பிறகு மாப்பிள்ளை சட்டைப் பையையே தடவப் போய் ருக்குமணி கையைப் பிடித்து இழுத்தாள். பாய், தலையணை, வாழைத்தார், சோற்றுக் குண்டான் எல்லாவற்றையும் கவிழ்த்தோம். யாரோ எடுத்துவிட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அந்த ஜன்னலுக்குக் கீழேதான் கை வைத்த நாற்காலி. அதில் காலையிலிருந்து யார் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சுருக்குப் பை வேறு, முடிச்சைக் கையால் மூடிக்கொண்டே இருந்தாள், ருக்குமணி பாயசம் கொடுத்தபோதுகூட அந்தக் கையை எடுக்கவில்லை, எனக்குச் சர்க்கரைம்மா, இனிப்பு தொடறதில்ல என்று சொல்லி அனுப்பினாள். நான் போய் மங்கா, பையை அவுரு என்றேன். எதுக்குங்கக்கா என்றாள். அவுருன்னா அவுரு என்றேன். அவள் அவிழ்க்கவில்லை. பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் பையைப் பிடுங்கித் தலைகீழாக உதறினேன். வெற்றிலை விழுந்தது, மாத்திரைப் பட்டை விழுந்தது, பிறகு வாழையிலைத் துண்டில் சுற்றி வைத்த நாலு மைசூர்பாகு விழுந்தது. பந்தியில் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்று உருண்டு நாராயணப்பன் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்து ஊதி அவள் கையிலேயே கொடுத்தார், அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. மங்கம்மா நாலையும் நாற்காலியில் வரிசையாக வைத்துவிட்டு, வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டாள். சாப்பிட்டாளா என்று கேட்டேன், அவள் பந்தியில் உட்கார்ந்ததே கடைசிப் பந்திக்குத்தான், பாதி இலையில் எழுந்தாளாம். இதை ருக்குமணி என்னிடம் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு பேரிகைக்காரர்கள் வேனில் ஏறினார்கள். யல்லம்மா துணி மூட்டையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேன் நம் வாசலில் நின்ற காரைத் தாண்டும்போது கார் இரண்டு தடவை க்வீக் க்வீக் என்று கத்தி, விளக்கைச் சிமிட்டி, நாலு கதவையும் டக்கென்று பூட்டிக்கொண்டது. வேனில் இருந்தவர்கள் கார் போய்வா என்று சொல்கிறது என்று நினைத்துக் கை ஆட்டினார்கள். லால் பாஷாவுக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. அக்கா, ரிமோட்டு அந்த வேன்லதான் போவுது என்றார்.

சம்பந்தி வீட்டார் கார் சாவியைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று யாரிடம் சொல்வது. தெரு முனையில் வேன் திரும்புகிற வரைக்கும் நாங்கள் எல்லோரும் சிரித்த முகமாகக் கையை ஆட்டிக்கொண்டு நின்றோம்.

லால் பாஷா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இது உனக்குத்தான், மனதில் வைத்துக்கொள். ரிமோட்டு போனா மொத வேலை கத்தறது இல்லீங்கக்கா, கடைசியா எங்க வெச்சம், யாரு கை பட்டுச்சுன்னு உக்காந்து யோசிக்கறது. ரெண்டாவது, வண்டிய வுட்டு நகரக்கூடாது, எடுத்தவன் நிதானமா வந்து பித்தான அமுக்கித் தொறந்துக்கினு போயிடுவான். மூணாவது, மாட்டின கடைக்குச் சொன்னா பழைய ரிமோட்ட செல்லாம பண்ணிட்டுப் புதுசு குடுப்பான். இந்த மூன்றில் முதலாவதை நான் ஏற்கெனவே கெடுத்திருந்தேன். மூன்றாவதற்கு அவரே தன் ஒர்க்‌ஷாப் போனிலிருந்து பெங்களூர்க் கடைக்குப் பேசினார், வண்டிக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இரண்டாவதுதான். செல்வம் நாற்காலியைக் கார் முன்னால் போட்டுக் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. லால் பாஷாவை இரும்பு ஸ்கேல் விட்டுக் கதவைத் திறக்கச் சொன்னான். ஸ்கேல் உள்ளே போனதும் சைரன் ஊளையிட ஆரம்பித்தது. நம் தெருவில் பாதிப் பேர் கம்பெனிக்காரர்கள், சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து மூன்று பேர் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை என்று கம்பெனி கேட்டில்தான் தெரிந்ததாம், திரும்பி வந்து செல்வத்திடம் சண்டை. சைரன் தானாக நின்றது. பிறகு ஒரு வெள்ளாடு வந்து டயரில் முதுகைத் தேய்த்தது, மறுபடியும் ஊளை. கோழி மேலே ஏறியது, ஊளை. ருக்குமணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அவள் துடைப்பம் பட்டு ஒரு ஊளை. அந்த நேரம் பார்த்து லால் பாஷா போனுக்கு மதுரையிலிருந்து மேனேஜர், ஏப்பா செல்வம், வண்டி பத்திரமா இருக்குல்ல, அது என்னப்பா சத்தம். பக்கத்து கம்பெனி சங்கு சார் என்றான் உன் அண்ணன். ஞாயித்துக்கெழமையுமா என்றார். ஓவர்டைம் சார் என்றான். அவன் சின்ன வயதில் இவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொன்னதில்லை, கஷ்டம் வந்தால் வருகிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு லால் பாஷா போனுக்கு நாராயணப்பன் கூப்பிட்டார். செல்வம் பேசினான், நான் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். சம்பந்தி, நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்கல, நீங்களா ஓலை மேல சாவிய வெச்சிக் குடுத்திருக்கீங்க, பெரிய மனசு, அக்கா அதுக்கு மஞ்ச குங்குமம் வெச்சு சாமி ரூம்ல மாட்டிட்டா, ஊரே வந்து பாத்துட்டுப் போவுது, காரு எப்ப அனுப்பறீங்க, அத நிறுத்தக் கொட்டாய் போடணும். இதற்கு உன் அண்ணன் என்ன சொன்னான் தெரியுமா. நல்லதுங்க என்றான். போனை வைத்துவிட்டு வந்து நம் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

யோசித்துப் பார். தட்டில் வைத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் நிச்சயம் முறிந்தது என்று அர்த்தம், இந்தப் பக்கத்தில் எந்த ஜாதியிலும் அதுதான் வழக்கம். கேட்காவிட்டால் மறுநாள் காலை மேனேஜர் வந்து இறங்குவார், சூப்பர்வைசர் வேலை மட்டும் அல்ல, ஸ்டோர் வேலையும் போகும். இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நாகவேணி கம்பெனிக்குப் போகப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, கொட்டாய் போட்டுக் காருக்குக் காத்திருக்கற வூட்டுக்கு நான் போவல அவ்வா, நீங்களே போயி இருந்துக்குங்க என்று சொல்லி, தட்டில் இருந்த இட்லியை அப்படியே தள்ளிவிட்டாள். முனிராஜைப் பிடித்துப்போய்த்தான் சரி என்று சொன்ன பெண். ஒரு மாதமாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தவள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. யல்லம்மாவிடம் பேசக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள், பிறந்த வழியில் அவளுக்கு நாத்தனார் முறை, வரனைக் கொண்டுவந்தவளும் அவள்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் பேர் சொல்லவில்லை. நான் எழுந்து புடவையை மாற்றிக்கொண்டு சூளகிரி பஸ் ஏறினேன்.

மங்கம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்றாள். உள்ளே போய்ச் சர்க்கரை இல்லாத காப்பி கொண்டுவந்து வைத்தாள், அது அவள் வீட்டுக் காப்பியா எனக்கென்று போட்டதா தெரியவில்லை, குடித்தேன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை, சாவி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். கேட்டு முடித்ததும் முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேற்று உதறிய அதே சுருக்குப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாங்க போலாம், பத்தே முக்கால் வண்டி இருக்குது என்றாள். பேரிகை பஸ்ஸில் கூட்டம். அவள் முண்டியடித்து முன்னால் ஏறி, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு, அக்கா இங்க என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். ஆனால் பேரிகை வரைக்கும் முதுகைச் சாய்க்கவில்லை.

நாராயணப்பன் வீட்டில் நிஜமாகவே இரண்டு ஆள் கொட்டாய்க்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். சாமி அறை வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் இருபது பேராவது இருப்பார்கள், சாவி பார்க்க வந்தவர்கள். அம்மன் படத்து ஆணியில் மல்லிகைச் சரத்தோடு ரிமோட் தொங்கியது, கறுப்பாக, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. யல்லம்மா வாயெல்லாம் பல்லாக என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. மங்கம்மா உட்காரவே இல்லை. நேராக அம்மன் படத்துக்கு முன்னால் போய் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பி, அண்ணி, இதையா சாமி ரூம்ல மாட்டியிருக்க என்றாள்.

ஏன் என்றாள் யல்லம்மா. தட்டுல தங்கம் வெப்பாங்க, வெள்ளி வெப்பாங்க, பித்தளை வெப்பாங்க. இரும்ப யாராச்சும் வெப்பாங்களா அண்ணி, அதுவும் கறுப்புத் துண்டு சேத்து. இரும்பு யாரு குடுப்பாங்க, எதுக்குக் குடுப்பாங்கன்னு உனக்கு நான் சொல்லணுமா என்றாள் மங்கம்மா. யல்லம்மாவுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. சனி பிடித்தவர்கள்தான் இரும்பையும் எள்ளையும் தானம் கொடுத்துத் தங்கள் சனியை வாங்குகிறவர் தலையில் இறக்கிவைப்பார்கள், அது உனக்கும் தெரியும். மங்கம்மா என்னைக் கையை நீட்டிக் காட்டினாள். இவங்க வூட்டுக்கு ரெண்டரை வருஷமா ஏழரை. சொல்லுங்கக்கா, ஆமாவா இல்லியா. அந்த இருபது பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பேர்ப்பட்ட ஒரு காரியத்தை நான் கனவில்கூடச் செய்ததில்லை, நமக்கு ஏழரை நடக்கவும் இல்லை, இதை உன் அப்பாவின் பேரில் சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் நாகவேணி தள்ளிவிட்ட இட்லித் தட்டு கண்ணில் நின்றது. ஆமாம் என்றேன்.

பிறகு நடந்ததை எப்படி எழுதுவது. யல்லம்மா அடுப்படிக்கு ஓடி இடுக்கியை எடுத்துவந்து அந்தச் சாவியைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி ஆணியிலிருந்து பிடித்து இறக்கினாள். அவர்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்துதான் பேச்சு, கோபம் வந்தால் கன்னடம் கூடிவிடும். ஏனம்மா சென்னம்மா, நம்ம மனை ஏனு, உங்க சனியக் கொட்டற குப்பைமேடா, பேடா பேடா, எங்களுக்கு வேணவே வேணாம், இந்தா எடுத்துக்கினு போ என்று என் மடியில் போட்டாள். போட்ட வேகத்தில் பித்தான் அமுங்கியிருக்கும், அங்கே கார் இல்லை, நல்லவேளை. கொட்டாய்க்குக் குழி தோண்டியவர்களைக் கூப்பிட்டுக் குழியை மூடச் சொன்னாள். சாவி போனால் நிச்சயம் என்ன ஆகும் என்று நாராயணப்பன் இழுத்தார், அவருக்குக் காரை விட மனமில்லை. மங்கம்மா, இரும்பு திரும்பிப் போனா நிச்சயம் முறியாது மாமா, சனிதான் முறியும் என்றாள். என்னை வாசலில் நிற்கவைத்து எலுமிச்சம்பழம் மிதிக்கச் சொன்னார்கள், முழங்கால் வலியோடு மிதித்தேன். அப்போதும் யல்லம்மா அடங்கவில்லை, இப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுப்பதா என்று ஆரம்பித்தாள். அப்போது மங்கம்மா என் பக்கத்தில் வந்து, என் தோளில் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். வுடு அண்ணி, அக்காவுக்கு வயசாயிடுச்சு, எது எங்க வெக்கறதுன்னு தெரியல, யாரு மேல என்ன சொல்றதுன்னும் தெரியல. நேத்து என்னையே என்னென்னமோ பண்ணிட்டாங்க. நான் மன்னிச்சிட்டன். நீங்களும் மன்னிச்சிடுங்க. எல்லாப் பெண்களும் ஆமாம் பாவம் என்றார்கள். யல்லம்மாவும் மன்னித்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் முனிராஜ் கூட வந்தான். அந்தப் பையன் டர்னர் வேலை செய்கிறவன், நல்ல பையன். இது ஓலை பறக்காம இருக்க வெச்ச சாவின்னு நான் பாத்ததுமே சொன்னன், எங்க அத்தை கேட்டாத்தானே, நாகவேணி என்னைப் பத்தி என்ன நெனச்சிருக்கும் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். என் சைக்கிளுக்குப் பின்னாடி சீட்டுக்கு மெத்தை தெச்சிப் போட்டிருக்கன்னு சொல்லுங்க என்றான். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். நாகவேணி சிரிக்கவில்லை, உள்ளே போய் நாலு தோசை சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பின்னலைப் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மங்கம்மாவிடம் சொல்லவேண்டும் என்று எனக்கு ஒரு வார்த்தை இருந்தது. உன் பையை உதறினது என் தப்பு என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தேன். ஆனால் அவள்தான் ஏற்கெனவே மன்னித்து முடித்துவிட்டாளே, முடிந்துபோன காரியத்துக்கு நான் போய் எதைக் கேட்பது. சூளகிரியில் இறங்கும்போது, முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கக்கா என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கார் சாயங்காலம் நாலு மணிக்குத் திறந்தது. கத்திக் கத்தி பேட்டரி தீர்ந்திருந்தது, லால் பாஷா வேறு பேட்டரி கொடுத்து ஓட்டினார். செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் வாசலில் வண்டி நின்றது. ரிமோட்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்து, வண்டிக்குப் பூசையெல்லாம் போட்டியாப்பா செல்வம் என்று கண் கலங்கிவிட்டாராம். சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஐப்பசியில் கல்யாணம், நீ லீவுக்கு இப்போதே எழுதிப் போடு.

உன் சாவியைப் பற்றிச் சொல்கிறேன். அதை எந்தத் தட்டிலும் வைக்காதே, ஜன்னல் கட்டையில் வைக்காதே, கயிறு போட்டு இடுப்பில் கட்டிக்கொள். இன்னொரு ரிமோட் கொடுத்திருந்தால் அதை மருமகளிடம் கொடு, காருக்குள்ளேயே வைக்காதே. திருட்டுப் போனால் உடனே மாட்டின கடைக்குச் சொல்லி அதைச் செல்லாமல் பண்ணு. அதற்கு முன்னால் யார் பையையும் உதறாதே. பாரூர் ஏரி இந்த வருஷம் முக்கால் நிரம்பியிருக்கிறது. லால் பாஷா மகள் அதியாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, ஒரு வரி எழுது. வெயிலில் தலையில் துணி போடாமல் நடக்காதே, குழந்தைக்கு ராத்திரி தயிர் கொடுக்காதே.

நீயும் உன் குடும்பமும் குறையில்லாமல் இருந்து, உன் வண்டி நீ சொல்லும்போது மட்டும் கத்தி, மற்ற நேரம் அமைதியாக இருக்கவேண்டும் என்று முனீஸ்வரனை வேண்டிக்கொண்டு,

உன் அம்மா,
சென்னம்மாள்

பி.கு. அங்கே சர்க்கரை நோய்க்காரர்கள் தின்கிற இனிப்பு டப்பாவில் கிடைக்கிறதாம். யாராவது ஊருக்கு வந்தால் ஒரு டப்பா கொடுத்தனுப்பு, சூளகிரி விலாசத்துக்கு, உன் பேரில், நான் சொன்னதாகத் தெரியவேண்டாம். சாவியைத் துழாவி வைத்த புரோகிதரை விட்டுவிட்டேன். நல்லதுங்க என்று சொன்ன உன் அண்ணனை விட்டுவிட்டேன். இடுக்கியால் போட்ட யல்லம்மாவையும் பெண்ணுக்காக விட்டுவிட்டேன். நான் தப்பு என்று சொல்வதற்கு முன்பே, அதுவும் இருபது பேர் நடுவில், என்னை மன்னித்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவளை மட்டும் நான் இருக்கிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன், மங்கம்மாவை.